அம்மா மேலே போயிருக்காங்க

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஒரு பழக்கம். யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போனால் வண்டி மரத்தில்தான் போய் நிற்கும் என்பது அவர் அனுபவம். எனவே அன்று காலை அவர் மனைவி, "நீங்க ஒண்ணும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். எங்க அண்ணன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. உங்களுக்கு உங்க கிளாஸ்தானே முக்கியம், போயிட்டு வாங்க" என்று சொன்னபோது, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அது ஆபரேஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு சொன்னது. பணம் கட்டிய பிறகு அந்த ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் சொல்வதில்லை என்பது மாஸ்டருக்கு அப்போது தெரியாது.

அன்றைய முதல் கிளாஸ், தையல்கடை அம்மாவுக்கு. ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்த அந்த அம்மா பேச்சுவாக்கில், "வீட்டுல எப்படி இருக்காங்க மாஸ்டர்?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு ஆபரேஷன். என்னை வர வேண்டாம்னு சொல்லிட்டா."

தையல்கடை அம்மா கையும் காட்டாமல், கண்ணாடியையும் பார்க்காமல், நடுத்தெருவில் வண்டியை நிறுத்தினாள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

"வர வேண்டாம்னு சொன்னா வரணும்னு அர்த்தம் மாஸ்டர். போயிட்டு வாங்கன்னு சொன்னா போனா தொலைஞ்சீங்கன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்துனீங்க?"

மாஸ்டர் அவளை இந்தப் பக்கம் உட்காரவைத்து, தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். கற்றுக்கொடுத்த விதிகளில் பாதியை வழியிலேயே மீறினார். தையல்கடை அம்மா அவற்றையெல்லாம் கவனித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி பளபளவென்று இருந்தது. முகப்பில் ஒரு பெரிய பலகை: "உங்கள் சந்தேகங்களைத் தயங்காமல் கேளுங்கள்." அதற்குக் கீழே அதே எழுத்தில் இன்னொரு பலகை: "ஊழியர்களிடம் கேள்வி கேட்பதைத் தவிர்க்கவும்." இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் வைஃபுக்கு இன்னிக்குக் கல்லு எடுக்கற ஆபரேஷன்மா. எங்க இருக்கா?"

"அம்மா உள்ள போயிட்டாங்க சார்," என்று அந்தப் பெண் இன்னும் நன்றாகச் சிரித்தாள். "போகும்போது உங்களைக் கேட்டாங்க."

மாஸ்டர் தடுப்பை நெருங்கினார். "என்ன கேட்டா?"

"'அவர் வந்தா வரச் சொல்ல வேண்டாம்'னு சொல்லச் சொன்னாங்க."

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அங்கேயும் ஒரு காலத்தில் எல்லாரையும் போலத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை ஒரு டாக்டர், ஒரு பெரிய கடைக்காரரின் பிள்ளைகளிடம், "இனிமே எங்களால ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார். மறுநாள் கடைக்காரர் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். அதற்குள் பிள்ளைகள் கடையைப் பங்கு போட்டு, சண்டை போட்டு, பேச்சுவார்த்தையும் நின்றுபோயிருந்தது. அப்பா பிழைத்துக்கொண்டதால் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அடுத்து இன்னொரு டாக்டர் இன்னொரு குடும்பத்திடம், "கவலையே படாதீங்க" என்றார். அவர்கள் கவலைப்படாமல் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். நோயாளி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்களும் வழக்குப் போட்டார்கள்.

நிர்வாகக் குழு கூடி, இரண்டு வழக்குக்கும் பொதுவான காரணம் என்ன என்று ஆராய்ந்தது. சிகிச்சையில் ஏதாவது குறை இருக்கலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அவருக்கு நன்றி சொல்லி, குழுவிலிருந்து விடுவித்தார்கள். மீதிப் பேர் கூடிக் கண்டுபிடித்தது இதுதான்: இரண்டு தடவையும் யாரோ ஒருவர் புரியும்படியாக எதையோ சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து 'சமநிலைத் தொடர்பு' என்ற முறை நடப்புக்கு வந்தது. எந்த ஊழியரும் நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே பக்கமாகப் பேசக் கூடாது. உயிர், சாவு, குணம், ஆபத்து ஆகிய சொற்களுக்குத் தடை. முகபாவத்துக்கென்று ஒரு பயிற்சியாளர் வந்து தங்கி வகுப்பு எடுத்தார். கெட்ட செய்தியைச் சிரித்த முகத்தோடு சொன்னால் கேட்பவர் உடைந்துபோக மாட்டார். நல்ல செய்தியைச் சோகமான முகத்தோடு சொன்னால் கேட்பவர் ரொம்பவும் ஆசையை வளர்த்துக்கொள்ள மாட்டார். இரண்டும் சேர்ந்து எல்லாரும் நடுவில் நிற்பார்கள் என்பது அவர் கொள்கை. இந்தக் கொள்கை ஊழியர்களுக்கு மட்டும்தான் சொல்லப்பட்டது. உறவினர்களுக்கும் சொல்லிவிட்டால் அவர்கள் முகத்தைத் தலைகீழாகப் படித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டுவிடுவார்களே!

காத்திருக்கும் கூடத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மாஸ்டருடைய மனைவியின் அண்ணன். ஒரு பெரிய அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்துப் பிரிவில் ஆயுள் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கடிதத்தில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைப் படிப்பதில் கெட்டிக்காரர். மாஸ்டரைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"வந்துட்டீங்களா மாப்ளே? வர மாட்டீங்கன்னு சொன்னா."

"வர வேண்டாம்னு சொன்னா மச்சான்."

"அவ சொன்னா நீங்க கேட்டுடுவீங்களா?"

கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம் என்றால் மனுஷன் எந்த கியரில்தான் போவது? தையல்கடை அம்மா அவருக்கு டீ வாங்கிவரப் போனாள்.

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். முகம் இருண்டு கிடந்தது. கண்ணைத் தாழ்த்தியபடி நடந்து வந்து மாஸ்டர் முன்னால் நின்றாள். அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது.

"அம்மாவோட வீட்டுக்காரரா?"

மாஸ்டர் எழுந்தார். எதிரே பள்ளம் வந்ததுபோல வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"முடிஞ்சிருச்சு சார்," என்றாள் நர்ஸ். "அம்மா மேல போயிட்டாங்க."

"மேலயா?"

"ஆமா சார். அமைதியா கண்ணை மூடியிருக்காங்க. இனிமே அந்த வலி வராது. இதுல அவங்க வளையல், கண்ணாடி எல்லாம் இருக்கு. நீங்க வாங்கிக்கங்க."

பை மாஸ்டர் கைக்கு வந்தது. உள்ளே கண்ணாடியும் வளையலும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு நாலாவது மாடி என்று ஒன்று இருக்கிறது, ஆபரேஷன் முடிந்தவர்களை அங்கேதான் கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறார்கள் என்பதை அந்த நேரத்தில் அவருக்குச் சொல்ல ஆளில்லை.

"உயிரோட... உயிரோட இருக்காளா?"

நர்ஸ் அதிர்ந்துபோய்ச் சுற்றும் முற்றும் பார்த்தாள். "அந்த மாதிரி வார்த்தையெல்லாம் நாங்க சொல்லக் கூடாது சார்," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, முடிந்த அளவுக்குச் சோகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பாவம், நல்ல செய்தி சொல்ல வந்தவள். அவளுக்குக் கிடைத்த பயிற்சியில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மச்சான் அப்படியே நாற்காலியில் சரிந்தார். "மாப்ளே, நான் எத்தனை கடிதம் பாத்திருப்பேன். 'தங்கள் கோரிக்கை மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது'ன்னு வந்தா அதோட முடிஞ்சுதுன்னு அர்த்தம். மேல போனது எதுவும் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, அழுகைக்கு நடுவிலேயே, கைப்பேசியை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். அலுவலகப் பழக்கம், எந்தத் துக்கத்திலும் சுற்றறிக்கை நிற்காது.

மாஸ்டர் அழவில்லை. அவருக்கு ஒரே ஓர் எண்ணம்தான். 'வர வேண்டாம்' என்று சொன்னவளிடம் 'வருவேன்டீ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கடைசியாகக் கேட்டது வண்டிச் சாவியின் சத்தமாகவா இருக்க வேண்டும்? பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். யாராவது ஒருவர் வாயைத் திறந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்தார்.

'தொடர்பு அதிகாரி' என்று எழுதிய அறையைக் கண்டுபிடித்தார். கதவில் "தட்டிவிட்டு உள்ளே வரவும்" என்று இருந்தது. கைப்பிடிக்கு மேலே "தட்டாதீர்கள்" என்று இருந்தது. மாஸ்டர் இரண்டையும் விட்டுவிட்டுத் தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

அதிகாரி நல்ல உடுப்பும் நல்ல பல்வரிசையும் உள்ளவர். அலமாரியில் ஒரு கேடயம் மின்னியது.

"உக்காருங்க சார். முதல்ல ஒண்ணு. உங்க உணர்வுகளை இந்த ஆஸ்பத்திரி ரொம்ப மதிக்குது. அதே சமயம் அதுக்குப் பொறுப்பு ஏத்துக்காது."

"என் பொண்டாட்டி இருக்காளா, இல்லையா?"

"அருமையான கேள்வி. இங்க வர்றவங்க அதிகமாக் கேக்கற கேள்வி இதுதான்." அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இருக்காங்கன்னு நான் சொல்றேன்னு வைங்க. நான் சொல்லி முடிக்கிறதுக்கும் உங்க காதுல விழறதுக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் இருக்கு. அந்த நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா நான் பொய் சொன்னவன் ஆயிடுவேன். சரி, இல்லைன்னு சொல்றேன்னு வைங்க. நாளைக்கு அவங்க உங்க வாசல்ல வந்து நின்னா என் நிலைமை என்ன? ஆக, உண்மையே பேசணும்னு நெனைக்கிற ஒரு நிறுவனம் வாயைத் திறக்கவே முடியாது. எங்க நேர்மைதான் எங்களைத் தடுக்குது சார்."

"நர்ஸ் மேல போயிட்டாங்கன்னு சொன்னாங்களே."

"போனாங்கன்னா போயிருப்பாங்க. நர்ஸ் சொல்றதை நாங்க நம்பறோம். ஆனா ஆதரிக்கிறதில்ல."

மாஸ்டருக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கவே, அந்தக் கேடயத்தைப் பார்த்தார்.

"அதுவா?" அதிகாரி முகம் மலர்ந்தது. "போன வருஷம் தெளிவான தகவல் தொடர்புக்காக எங்க பிரிவுக்குக் கெடைச்சது. வருஷம் முழுக்க ஒரு புகார்கூட வரல."

"எப்படி வராம இருக்கும்?"

"எதைப் பத்திப் புகார் பண்றதுன்னு யாருக்கும் புரியல சார்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கேலி எதுவும் இல்லை, பெருமைதான் இருந்தது. எழுந்து வந்து மாஸ்டரின் கையைக் குலுக்கினார். "தைரியமா இருங்க. ஆனா ரொம்ப தைரியமா இருந்துடாதீங்க."

வெளியே வந்து சுவரில் சாய்ந்தபோதுதான் மாஸ்டருக்கு அழுகை வந்தது. வந்ததும் நிற்கவில்லை. அழுகைச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் எங்கிருந்தோ ஒரு பெண் ஓடிவந்து அவர் தோளைத் தொட்டாள். நெஞ்சில் 'ஆறுதல் பிரிவு' என்று ஓர் அட்டை குத்தியிருந்தாள்.

"அழுதுடுங்க சார். மனசுல வெச்சுக்காதீங்க. அவங்க உங்க கூடத்தான் இருக்காங்க."

"எங்கம்மா இருக்கா?"

"நெஞ்சுல சார்."

அதைக் கேட்டு மாஸ்டர் இன்னும் உரக்க அழுதார். எதற்காக அழுகிறார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்பது அத்துமீறல் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அழுகிற ஆளைக் கண்டால் ஆறுதல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போன வாரம் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் கண்கலங்கிய ஒரு தகப்பனுக்கும் அவள் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தாள்.

இதற்குள் மச்சானின் சுற்றறிக்கை வேலை செய்துவிட்டது. மாஸ்டரின் கொழுந்தியாள் வாசலிலிருந்தே "அக்கா" என்று அலறிக்கொண்டு வந்தாள். மச்சானின் மனைவி வந்தாள். நாத்தனாரோடு பேச்சை நிறுத்திப் பல வருஷமாகியும், அத்தனையையும் மறந்துவிட்டு வந்தாள். மறுபடியும் டீ வாங்கப் போயிருந்த தையல்கடை அம்மா திரும்பி வந்து கூட்டத்தைப் பார்த்துக் கோப்பையைக் கீழே போட்டாள். ஆறுதல் பிரிவுக்கு ஆள் போதாமல் கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்குப் பயிற்சி கிடையாது. வரிசையாக எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, தாங்களும் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஆனபோது ஒரு வார்டு ஊழியர் வந்து கூட்டத்தின் முன்னால் நின்றார். அவர் முகமும் தொங்கிப்போய்த்தான் இருந்தது.

"அம்மாவைக் கடைசியா ஒரு தடவை பாக்கறவங்க பாத்துக்கலாம். ரெண்டு ரெண்டு பேரா வாங்க. அதுக்கப்புறம் கதவை மூடிருவோம்."

பார்வையாளர் நேரம் முடியப்போகிறது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். கொழுந்தியாள் மயங்கி விழுந்தாள்.

மாஸ்டரும் மச்சானும் முதலில் கிளம்பினார்கள். லிஃப்ட் கதவில் "படிக்கட்டைப் பயன்படுத்தவும்" என்று இருந்தது. படிக்கட்டுத் தொடக்கத்தில் "லிஃப்டைப் பயன்படுத்தவும்" என்று இருந்தது. மச்சான் நின்று இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினார். நாலு மாடி. ஒவ்வொரு படியிலும் அவருக்கு மனைவியின் ஒவ்வொரு பேச்சு ஞாபகம் வந்தது. எல்லாம் அவர் சரியாகக் கேட்காமல் விட்ட பேச்சு.

மேலே ஒரு நீண்ட அறை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பச்சைத் திரை. முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே கட்டில் பக்கத்தில் போய் நின்றார்.

"செருப்பை வெளியில விடணும்னு எழுதிப்போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

மாஸ்டர் நிமிர்ந்தார். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கண் இரண்டும் அவர் செருப்பின்மேல்.

அவருக்குள் என்னவெல்லாமோ ஒரே நேரத்தில் உடைந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோவென்று அழுதார். பின்னால் வந்த மச்சான் தங்கையைப் பார்த்தார், "ஐயோ, நீ இருக்கியா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அதைவிட உரக்க அழுதார்.

அவள் முகம் மாறியது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் அழுது அவள் பார்த்ததில்லை. அவர் அம்மா இறந்தபோதுகூட அவர் வண்டியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல," என்றார் மாஸ்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அண்ணா, எனக்கு என்னண்ணா?"

"உனக்கு என்னம்மா, நல்லா இருக்க," என்று மச்சான் விம்மினார்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். கதவிலிருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்காத சொந்தமெல்லாம் முட்டிமோதிக்கொண்டு நின்றது. அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதபடி கையை ஆட்டியது. அந்தக் கூட்டத்தில் ஒரு முகத்தைப் பார்த்ததும் அவள் கை தானாகப் போர்வையை இறுக்கிப் பிடித்தது.

"அண்ணி வந்திருக்காங்க," என்றாள் மெதுவாக. "அண்ணியே வந்திருக்காங்கன்னா... எத்தனை நாள்னு சொல்லிட்டாங்களா?"

அந்த நேரத்தில்தான் ஆபரேஷன் செய்த டாக்டர் வந்தார். அவரோடு ஒட்டிக்கொண்டு தொடர்பு அதிகாரியும் வந்தார். டாக்டர் ஒரு சின்னக் குப்பியை மேஜைமேல் வைத்தார். உள்ளே மிளகு அளவுக்கு ஒரு கல் கிடந்தது.

"இதுதான்," என்று தொடங்கினார் டாக்டர். அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"இதுவாக இருக்கலாம்," என்றார் டாக்டர்.

"டாக்டர், எனக்குக் குணமாயிடுமா?"

டாக்டரின் முகத்தில் ஏதோ சொல்லத் துடிக்கிற மாதிரி ஓர் அசைவு வந்தது. ஒரு காலத்தில் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய மனுஷன் என்று கேள்வி. அதிகாரி அவர் காலணியின் நுனியைத் தன் காலணியால் தொட்டார். டாக்டர் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, "எல்லாம் எதிர்பார்த்தபடியே போயிட்டிருக்கு. எதையும் உறுதியா எதிர்பார்க்க முடியாது" என்று சொல்லிவிட்டு வேகமாக அடுத்த திரைக்குள் புகுந்தார். அதிகாரி திருப்தியோடு வெளியே போனார்.

அவள் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "இத்துனூண்டு கல்லுக்கா இத்தனை பேரு அழறாங்க? உள்ள வேற என்னமோ இருக்கு. என்கிட்ட மறைக்கறீங்க."

"சத்தியமா இல்ல. நீ செத்துட்டேன்னு நெனச்சுத்தான் எல்லாரும் வந்தாங்க," என்றார் மாஸ்டர். எதற்கும் இருக்கட்டும் என்று, உண்மையையே சொல்லிப் பார்த்தார்.

"பொய் சொல்றதுன்னாலும் நம்பற மாதிரி சொல்லுங்க," என்றாள் அவள். அவள் கண் கலங்கியது. அவர் கையைப் பிடித்தாள். "சரி, விடுங்க. நான் கேக்கறதைச் செய்வீங்களா?"

போன உயிர் திரும்பி வந்த நாளில் மாஸ்டர் எதைத்தான் மறுப்பார்? "என்ன வேணாலும் கேளு."

"அந்தப் பழைய சோபாவைத் தூக்கிப் போடுவீங்களா?"

அந்தச் சோபாவுக்காக இருவருக்கும் நடந்த போர்கள் கொஞ்சநஞ்சமல்ல. "போட்டுடறேன்," என்றார்.

அவள் சோதித்துப் பார்க்கத்தான் கேட்டாள். "என் தங்கச்சிகிட்ட நீங்க மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்கறேன்."

"நான் போனப்புறம் தனியா இருக்கக் கூடாது. எங்க அண்ணன் வீட்டு மாடியில போய் இருக்கணும்."

மாஸ்டர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கண்ணீரோடு தலையாட்டினார். "சரி, இருக்கேன்," என்றார் மாஸ்டர்.

அவ்வளவுதான். அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட எதற்கும் ஒரு தடவைகூட 'சரி' என்று சொல்லாத மனுஷன், வாயைத் திறந்தால் 'சரி' என்கிறார். இனி டாக்டர் வேறு சொல்ல வேண்டுமா? திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலிலும் ஒரு பெரியவர் மகனிடம் எதையோ மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிப்பா... சரிப்பா... அப்படியே செய்யறேன்பா" என்று மகனின் குரல் வந்துகொண்டே இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியா ஒண்ணு. டிரைவிங் ஸ்கூலை எங்க அண்ணன் பையன்கிட்ட ஒப்படைச்சிருங்க. உங்களுக்கும் வயசாச்சு. அவனும் சும்மாத்தான் இருக்கான்."

மாஸ்டர் 'சரி' சொல்லத்தான் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"யார்கிட்ட? உங்க அண்ணன் பையன்கிட்டயா? கிளட்ச் எது பிரேக் எதுன்னு தெரியாத தடியன்கிட்டயா என் ஸ்கூலைக் குடுக்கணும்? நிறுத்தி வெச்ச லாரியில கொண்டுபோய் மோதுனவன்டீ அவன்! லாரிக்காரன் தூங்கிட்டிருந்தான்! உனக்கு மூளை இருக்கா?"

"மாப்ளே, பையனைப் பத்தி..." என்று மச்சான் தொடங்கினார்.

"நீங்க சும்மா இருங்க மச்சான்! உங்களாலதான் இவ்வளவும்! மேலன்னா மாடின்னு தோணாதா ஒரு மனுஷனுக்கு?" என்றவர் மறுபடி அவள் பக்கம் திரும்பினார். "இங்க பாரு! உனக்கு ஒரு மண்ணும் இல்ல! கல்லு இருந்துச்சு, எடுத்தாச்சு, இந்தா குப்பியில கெடக்கு! நாளைக்கு நீ வீட்டுக்கு வர்ற, வந்து எப்பவும் போல என் உயிரை எடுக்கற! போறேன் போறேன்னு இன்னொரு தடவை சொன்னே, நெசமாவே உங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்!"

எல்லாத் திரைக்குப் பின்னாலும் பேச்சு நின்றது.

அவள் அவரையே பார்த்தாள். அந்தச் சிவந்த முகத்தை, அந்தப் புடைத்த நரம்பை, எதையும் மறைக்காமல் வந்த அந்தக் கத்தலை. இது அவளுக்குத் தெரிந்த முகம். சாகப்போகிற பொண்டாட்டியிடம் எந்தப் புருஷனும் இப்படிக் கத்த மாட்டான்.

"அப்ப நெசமாவே எனக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்லடீ!"

"சோபா?"

"சோபா இருக்கற எடத்துலதான் இருக்கும்!"

அவள் சிரித்தாள். தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஐயோ வலிக்குதே, போதும்" என்றாள். பிறகு, "காலையில ஏன் வரல?" என்றாள். மாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இனிமே நீ எது சொன்னாலும் வருவேன்" என்றார். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

காவலாளியோடு தொடர்பு அதிகாரி திரும்பி வந்தார். அவர் பல்வரிசை முதல் தடவையாக மறைந்திருந்தது.

"சார், நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா? ஒரு நோயாளிகிட்ட அவங்க நிலைமையைச் சொல்லியிருக்கீங்க. நேருக்கு நேரா. அதுவும் வார்த்தை, குரல், முகம் மூணும் ஒரே அர்த்தத்துல. இந்தக் கட்டடத்துல இப்படி ஒண்ணு நடந்து எத்தனையோ காலமாச்சு. இதை மத்த நோயாளிங்க கேட்டிருக்காங்க. நாளைக்கு ஆளாளுக்கு இதே மாதிரி வேணும்னு கேட்டா நாங்க எங்க போறது? நீங்க தயவுசெஞ்சு இங்கிருந்து..." இந்த இடத்தில் அவருக்குப் பயிற்சி ஞாபகம் வந்தது. பல்வரிசை திரும்பியது. "எப்ப வேணும்னாலும் இருக்கலாம். இப்ப வெளியில போங்க."

மாஸ்டர் எழுந்தார். காவலாளி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். வாசலை நோக்கி நாலு எட்டு வைப்பதற்குள், பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெரியவரின் குரல் கேட்டது.

"டேய்."

"சொல்லுங்கப்பா."

"அந்த ஆளு போட்ட சத்தத்தைக் கேட்டியா?"

"கேட்டேன்பா."

"நீயும் என்னை ரெண்டு வார்த்தை திட்டேன்."

காவலாளி நின்றுவிட்டான். அவன் பிடி தளர்ந்தது. அதிகாரி எதையோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் திரைக்கு உள்ளேயிருந்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"எதுக்குப்பா திட்டணும்?"

"சும்மா திட்டுடா."

மகனின் குரல் மெதுவாக வந்தது. "வாயை மூடிட்டுப் படுங்கப்பா. டாக்டர் சொன்னா கேக்கறதில்ல, மாத்திரையை ஒழுங்காப் போடறதில்ல. வீட்டுக்கு வாங்க, உங்களைப் பேசிக்கறேன்." வார்த்தை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

திரைக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

"சத்தம் பத்தலடா," என்றார் பெரியவர்.